பதிமூன்று வயதுக்காரர்களிடம் சட்டம் பேசப் போனேன்

நான் வக்கீல். நீதிபதி எரிச்சலாகப் பார்த்தாலும், எதிர்த்தரப்பு குறுக்கே பாய்ந்தாலும் அசராமல் நின்று பேசிப் பழகியவள். அப்படிப்பட்ட எனக்கு, பள்ளி வகுப்பறையில் முதல் நாள் பதினைந்தாவது நிமிடத்தில் நாக்கு வறண்டுவிட்டது. எதிரே 35 பிள்ளைகள், எல்லோருக்கும் பதிமூன்று, பதினான்கு வயது. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒருவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினான். அதுவும் ஒரு திறமைதான்.

தோழி ஒருத்தி அங்கே ஆசிரியை. வாரத்தில் ஒரு நாள், 40 நிமிடம், பிள்ளைகளுக்குச் சட்டமும் குடிமையியலும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருந்தாள். பாடப்புத்தகம் வேண்டாம், பரீட்சையும் கிடையாது. இது என்ன பெரிய விஷயம் என்று சரி சொல்லிவிட்டேன்.

அன்று மணி அடித்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், டீச்சர் எங்க பையைத் திறந்து பார்க்கலாமா? அதுக்குச் சட்டம் இருக்கா?" அந்த வாரம்தான் யாரோ போன் கொண்டுவந்ததாகச் சொல்லி எல்லோருடைய பையையும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். கேள்வி வந்ததும் தூங்கினவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் அம்புக்குறி எதுவும் போடவில்லை. ஒரு கதை சொன்னேன், நடந்த கதை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 14 வயது மாணவி ஒருத்தி பள்ளிக் கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்டாள். தனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று சாதித்தாள். துணைத் தலைமையாசிரியர் அவளுடைய கைப்பையைத் திறந்தார். சிகரெட் இருந்தது. அதோடு விடாமல் இன்னும் துழாவினார். கஞ்சாவும், யார் யார் பணம் தரவேண்டும் என்ற பட்டியலும் கிடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நிறுத்திவிட்டேன். "திறந்தது சரின்னு நினைக்கறவங்க ஜன்னல் பக்கம் போங்க. தப்புன்னு நினைக்கறவங்க கதவுப் பக்கம். காரணம் சொல்லாம யாரும் உட்காரக் கூடாது."

அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. சிகரெட் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தது சரி, அது கிடைத்த பிறகும் துழாவியது தப்பு என்று ஒருத்தி அறையின் நடுவில் போய் நின்றுகொண்டாள். நடுவில் நிற்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. சட்டக் கல்லூரியில் இந்தப் பிரிவினையைச் செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அப்புறம்தான் தீர்ப்பைச் சொன்னேன். 1985இல் வந்தது. பள்ளிக்காரர்களும் அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே, நினைத்தபடி சோதனை போட முடியாது. ஆனால் போலீசுக்கு வேண்டிய அளவு ஆதாரம் அவர்களுக்கு வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். மாணவி தோற்றாள். கதவுப் பக்கம் நின்றவர்கள் கொந்தளித்தார்கள். ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "ஜட்ஜுக்குள்ளயே சண்டை வருமா மிஸ்?" வரும் என்று சொன்னதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது வேறொரு நாட்டின் தீர்ப்பு, இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சொன்னேன். இதைச் சொல்லாமல் விட்டால் மறுநாளே யாராவது அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார்கள்.

அன்றிலிருந்து தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்வது. முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்காகத் தேடியதில் ஒரு சிறு பெட்டி நிறையவே சேர்ந்துவிட்டது. போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளின் டிங்கர் வழக்கு, 1969. தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்ததற்காகக் கேரளத்தில் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட மூன்று உடன்பிறப்புகளின் வழக்கு. இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டிலும் ஜெயித்தது பிள்ளைகள். பை வழக்கில் தோற்றது பிள்ளை. இரண்டு வகையும் கலந்து இருக்கவேண்டும். எல்லா வழக்கிலும் பிள்ளைகளே ஜெயித்தால் அது சட்ட வகுப்பு இல்லை, முகஸ்துதி.

வாசகங்களை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர, சட்ட மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு புதிரை எடுத்தேன். "பூங்காவுக்குள் வாகனங்கள் கூடாது." பலகையில் அவ்வளவுதான் இருக்கிறது. 1958இல் ஹார்ட் என்ற ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் கேட்டது இது: கார் கூடாது, சரி, சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? பொம்மைக் கார்? ஃபுல்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதே ஆண்டில் பதிலுக்குக் கேட்டார்: போரில் ஓடிய லாரி ஒன்றை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடத்தின்மேல் நிறுத்தினால் அது மீறலா? என் வகுப்புக்கு இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை, கேள்விகளை மட்டும் கேட்டேன். ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலி, ட்ரோன், கைக்குழந்தை வண்டி என்று அவர்களே அடுக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பையன் எரிச்சலோடு சொன்னான்: "அந்த போர்டை யார் வச்சாங்க, எதுக்கு வச்சாங்கன்னு தெரியாம இதையெல்லாம் எப்படி மிஸ் சொல்றது?" ஃபுல்லரின் வாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

பிறகு, நானே எதிர்பார்க்காத அளவுக்குப் பிடித்துக்கொண்ட பயிற்சி இது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து குழுவுக்கு ஒரு விதி எழுதவேண்டும். "வகுப்பில் சத்தம் போடக் கூடாது" என்பதுபோல ஒன்று. எழுதிய தாள் அடுத்த குழுவுக்குப் போகும். அவர்கள் வேலை, விதியின் ஒரு எழுத்தையும் மீறாமல் அதன் நோக்கத்தைக் கெடுப்பது. மேசையைத் தட்டலாமா? சைகையில் சண்டை போடலாமா? தாள் திரும்பி வரும், ஓட்டையை அடைக்கவேண்டும், மறுபடி போகும். மூன்றாவது சுற்றில் ஒரு குழுவின் விதி ஒன்றரைப் பக்கம் நீண்டு, தும்மலுக்கும் இருமலுக்கும் தனித்தனி விலக்கோடு நின்றது. அதை வாசித்து முடித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "ஒவ்வொரு 'தவிர'வுக்குப் பின்னாடியும் ஒருத்தன் ஏமாத்தியிருக்கான் போல." நான் படித்த சட்டங்கள் ஏன் அவ்வளவு கோணல்மாணலாக இருக்கின்றன என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

நடைமுறை என்ற விஷயம்தான் கஷ்டம். அந்த வயதில் நியாயம் என்றால் தப்பு செய்தவன் மாட்டிக்கொள்வது, அவ்வளவுதான். விசாரணை, நோட்டீஸ், வக்கீல் எல்லாம் குற்றவாளி தப்பிக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். எந்த வயதிலிருந்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தலாம் என்று ஒரு நாள் ஓட்டெடுப்பு வைத்தேன். இங்கிலாந்தில் 10, ஸ்காட்லாந்தில் 12, ஜெர்மனியில் 14; ஐ.நா. குழந்தை உரிமைக் குழு குறைந்தது 14 ஆவது இருக்கவேண்டும் என்கிறது. என் வகுப்பில் பாதிக்கு மேல் எட்டு வயதுக்குக் கை தூக்கினார்கள்! பிள்ளைகள் இளகின மனசுக்காரர்கள் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன். ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதிலேயே ஓட்டுப் போடலாம் என்று சொன்னதற்கும் ஆதரவு வரவில்லை. "எங்க கிளாஸைப் பார்த்துட்டு யாராவது ஓட்டு குடுப்பாங்களா மிஸ்?"

அதனால் கால்ட் வழக்கை எடுத்தேன். 1964, அமெரிக்காவின் அரிசோனா. 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஆபாசமாகப் போன் செய்ததாகப் புகார். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களுக்குத் தகவல் சொல்லவில்லை. என்ன குற்றச்சாட்டு என்று ஒழுங்காக எழுதித் தரவில்லை. புகார் கொடுத்த பெண்மணி விசாரணைக்கு வரவே இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று பதிவும் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்கவேண்டும் என்று உத்தரவு, அதாவது ஆறு வருடம் வரை. அதே தப்பைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் சின்ன அபராதம் அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. 1967இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கும் குற்றச்சாட்டைத் தெரிந்துகொள்ளவும், வக்கீல் வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கு எதிராகத் தானே பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு என்றது.

ஆறு வருடம் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. "அவன் போன் பண்ணினானா இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். "சரியா விசாரிக்காம எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் இருந்தவன் பதில் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பிறகு, வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனால் எப்படி விசாரிப்பது என்று ஒழுங்குமுறை எழுதச் சொன்னேன். என்ன புகார் என்று முதலில் சொல்லவேண்டும். புகாருக்கு ஆளானவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே போகக் கூடாது. புகார் சொன்னவரே முடிவு சொல்லக் கூடாது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், போன வாரம் யார் பேசினதுன்னு கேக்காமலேயே நீங்க இவனை வெளிய நிக்க வச்சீங்களே?"

உண்மைதான். சத்தம் வந்த திசையில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவனுடையது, நிறுத்திவிட்டேன். புகார், விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் நான் ஒருத்தியே, மூன்று விநாடியில். சமாளிக்கத்தான் முதலில் தோன்றியது. பாடத்தை நடத்தவேண்டிய பொறுப்பு, நேரமின்மை என்றெல்லாம் வாய்வரை வந்தது. 35 முகமும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு, "பரவால்ல மிஸ், நான்தான் பேசினேன்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி கேட்ட பையன் சிரிக்கவில்லை. "அவன் பேசினதா இருந்தாலும் நீங்க கேட்டிருக்கணும்" என்றான். உரிமையைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் வகுப்பை நடத்தும் விதத்தில் அதைக் காட்டவில்லை என்றால், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு விதத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

மாதிரி நீதிமன்றம் எல்லோரும் ஆசையாகக் கேட்பது. என் முதல் முயற்சி கூத்தாகவே முடிந்தது. நன்றாகப் பேசுகிற நான்கு பேர் வக்கீல் ஆனார்கள், சினிமாவில் பார்த்தபடி மேசையைக் குத்தி "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்" என்று கத்தினார்கள். மீதிப் பேர் பார்வையாளர்கள். அடுத்த தடவை மாற்றினேன். வாயாடிகளைச் சாட்சிகளாக்கினேன், தாளில் எழுதியிருப்பதைத் தவிர ஒரு வார்த்தை அதிகம் சொல்லக் கூடாது, அவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அமைதியானவர்கள் மூன்று மூன்று பேராக நீதிபதிகள். எப்போது வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், தீர்ப்பைக் காரணத்தோடு எழுதித்தான் தரவேண்டும். ஒரு தரப்புக்குத் தயார் செய்தவர்களை வாதம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிர்த்தரப்புக்கு மாற்றினேன். முதலில் ஒப்பாரி, அப்புறம் பழகிவிட்டது. வழக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வில்லன் இருக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத, ஆனால் இரண்டுமே நேர்மையான இரண்டு சாட்சிகள் இருக்கவேண்டும். இரவல் வாங்கிய சைக்கிள் உடைந்துபோனது, உடைந்தது யாரால் என்பதுபோல.

சைக்கிளுக்கு வந்து சேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. முதல் முறை நான் எடுத்துக்கொண்டது வீடு புகுந்து திருடிய வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவனின் மகள் என்று ஒரு சாட்சி வைத்திருந்தேன். தாள்களைப் பங்கிட்டபோது அது யாருக்குப் போனது என்று பார்க்கவில்லை. அந்தப் பெண் தாளைப் படித்தாள், மேசையில் வைத்தாள், எழுந்து வெளியே போனாள். அவள் அப்பா அப்போது விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தார். வகுப்பாசிரியைக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்தாள், கடைசி வரிசைக்கு மாறி உட்கார்ந்திருந்தாள். நான் தனியாகக் கூப்பிட்டு எதையும் விளக்கப் போகவில்லை. அது எனக்காகச் செய்வதாகத்தான் இருந்திருக்கும். இப்போது எந்த வழக்காக இருந்தாலும் இரண்டு நாள் முன்பே வகுப்பாசிரியையிடம் காட்டிவிடுகிறேன். யாருக்கு வேண்டாமோ அவர்கள் காரணம் சொல்லாமலேயே குறிப்பெடுப்பவர் வேலைக்கு மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, வக்கீல் என்று தெரிந்ததும் வகுப்பு முடிந்து பின்னாலேயே வருவார்கள். வீட்டுச் சொத்துத் தகராறு என்றால் பெரியவர்களை ஒரு வக்கீலிடம் போகச் சொல்லிவிடுவேன், கருத்துச் சொல்லமாட்டேன். நான் அங்கே ஆசிரியை, அவர்கள் என் கட்சிக்காரர்கள் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொல்ல ஆரம்பித்தால் கதையே வேறு. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடவே கூடாது. யாரிடம் சொல்லவேண்டியிருக்கும், ஏன் என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் சொல்லிவிட்டு, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே போகவேண்டும். இதற்கு யார் பொறுப்பு என்பதை வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தேர்தல் நேரத்தில் நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அது ரகசியம் என்பேன்; ஏன் ரகசியமாக வைத்தார்கள் என்பதே அன்றைய பாடமாகிவிடும்.

கடைசியாகக் கழிப்பறை விவகாரம். வகுப்பு நடக்கும்போது கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையைப் பேசிக்கொண்டிருந்தோம். அதன் 12ஆவது பிரிவு, பிள்ளையைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்கவேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. (அதிகம் பேசப்படாத 42ஆவது பிரிவு எனக்குப் பிடிக்கும்: இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துவது ஏற்றுக்கொண்ட நாடுகளின் கடமை.) உடனே கழிப்பறை விதிக்கு மனு போடுவோம் என்றார்கள். சரி, முதலில் அந்த விதியைக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு வாரம் தேடினார்கள். கையேட்டில் இல்லை, அறிவிப்புப் பலகையில் இல்லை. ஆசிரியர்களைக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். யாருமே போடாத விதியை எல்லோரும் பல வருடமாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்!

மனுவின் முதல் வரைவு "எங்கள் உரிமைகளை நசுக்கும்" என்று தொடங்கியது. கோபத்தை எடுத்துவிட்டு என்ன வேண்டும் என்பதை எழுதச் சொன்னேன். நான்கு வரி மிஞ்சியது. கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க பாடம் எடுக்கத்தானே வந்தீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். தப்பு என்னுடையதுதான். இப்படி ஒன்று வரும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். மனு வந்தால் எத்தனை நாளில், யார் பதில் சொல்வது என்று பேசி வைத்திருக்கவேண்டும். பதிலே வராத மனுவைப்போல ஒரு கெட்ட பாடம் வேறு இல்லை.

நல்ல வேளையாக இரண்டு வாரத்தில் பதில் வந்தது. விதியை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்கு அனுமதி இல்லை, உடல்நலக் காரணம், அவசரம் தவிர, முடிவு ஆசிரியருடையது. பிள்ளைகள் ஜெயித்ததாக இரண்டு நாள் கொண்டாடினார்கள். மூன்றாவது நாள்தான் உறைத்தது. முன்பு கண்டும் காணாமல் அனுப்பிவிடுகிற ஆசிரியர்கள் இருந்தார்கள். இப்போது அவர்களும் பலகையைக் காட்டினார்கள்.

"இதுக்கு முன்னாடி இருந்ததே நல்லாயிருந்துச்சு மிஸ்" என்று வந்து நின்றார்கள். பையைப் பற்றி முதல் நாள் கேட்ட பெண்தான் முன்னால் நின்றாள். எனக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுத்தில் இருப்பதைத் திருத்தலாமே என்றேன். எப்படித் திருத்துவது என்று அதிலேயே இருக்கும், போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "மாத்தறதுக்கு வழியே எழுதலை மிஸ். அந்த 'அவசரம்'னா என்னன்னும் எழுதலை" என்றாள். கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது.